வெள்ளாங்காட்டு நீள்வட்டம்

கமலவேணியின் கணவர் விஜயரங்கம் கார்ப் பந்தயத்தில் இருந்தார். கல்யாணமான மறுமாதம் தொடங்கிய பந்தயம். இன்னும் முடியவில்லை. இதில் யாருக்கும் புகார் கிடையாது. அந்தத் தெருவில் சிலருடைய கணவன்மார் துபாயில் இருந்தார்கள். இவர் வெள்ளாங்காட்டில் இருந்தார். வெள்ளாங்காடு பக்கம்தான். டவுன்பஸ் போகும்.

வாசல் கதவைத் திறந்துவைத்தால் வண்டிச் சத்தம் கேட்கும். கிட்டே வரும், பெரிதாகும், தேயும், இல்லாமல் போகும், மறுபடி கிட்டே வரும். மகன் நலமாக இருக்கிறான் என்பதை மாமியார் ஆண்டாளம்மாள் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வார். கொஞ்சம் கரகரத்தால், பையனுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று கஷாயம் வைக்கச் சொல்வார்.

அன்று காலை சத்தம் கிட்டே வந்தபோது ஆண்டாளம்மாள் கண்ணைத் திறந்தார். தேய்ந்தபோது மூடினார். மறுபடி வந்தபோது திறக்கவில்லை.

கமலவேணி கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இத்தனை காலம் அந்த வீட்டில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான். பிறகு எழுந்து அத்தையின் தம்பி கோதண்டத்துக்கு ஆள் அனுப்பினாள். அவர் வந்து அக்காவின் காலடியில் நின்று அழுதார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரே மகன் இருக்கும்போது வேறு யாரும் கொள்ளி வைக்க முடியாது என்றார்.

"அவன் வராம எடுக்க முடியாது அம்மிணி. நீ போய்க் கூட்டிட்டு வா."

கமலவேணி புடவை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

வெள்ளாங்காட்டுப் பந்தயத் திடலைக் கட்டியவர் பங்காரு நாயுடு என்ற மில் முதலாளி. நூற்பு இயந்திரம் வாங்கக் கப்பலில் சீமைக்குப் போனவர், அங்கே ஓரிடத்தில் கார்கள் நீள்வட்டமாகச் சுற்றுவதைப் பார்த்தார். இயந்திரத்தை மறந்துவிட்டுத் திரும்பி வந்தார். வெள்ளாங்காட்டில் யுத்தகாலத்து விமான ஓடுதளம் ஒன்று எருக்கு முளைத்துக் கிடந்தது. அதை ஒரு நேர்பாதையாக வைத்துக்கொண்டார். அதற்கு எதிரே இன்னொரு நேர்பாதை போட்டார். முனைகளை வளைவுகளால் இணைத்தார்.

வேகமாக வரும் வண்டியை வளைவு வெளியே தூக்கி எறியப் பார்க்கும். எறியாமலிருக்க, வளைவின் வெளிவிளிம்பு உயர்ந்து, முறத்தைச் சாய்த்துப் பிடித்ததுபோல் இருக்கவேண்டும். அதற்கு மண் வேண்டும். பக்கத்து ஏரியைத் தோண்டி எடுத்தார்கள். ஏரி அதை மறக்கவில்லை. ஒவ்வொரு ஐப்பசியிலும் தன் மண்ணைத் தேடி வந்து, பாதைக்கு நடுவில் இருக்கும் திடலில் கொஞ்ச நாள் உட்கார்ந்துவிட்டுப் போகும்.

கிழக்கு முனை அகலம். மேற்கு முனை குறுகல். மேற்கே ஒருவர் தன் கிணற்றை விற்க மாட்டேன் என்றுவிட்டார். பாதை கிணற்றுக்கு வழிவிட்டு ஒடுங்கித் திரும்பியது.

ஆரம்பத்தில் வண்டிகள் கோயிலைச் சுற்றுவதுபோல வலமாகத்தான் சுற்றின. அந்தத் திசையில் யாரும் தோற்கவில்லை. யாரும் ஜெயிக்கவும் இல்லை. புறப்படும் நேரத்துக்குச் சற்று முன்பே எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். கேலரியில் முணுமுணுப்பு எழுந்தது. பங்காரு நாயுடு யோசித்துத் திசையை மாற்றினார். அன்று முதல் இடமாகச் சுற்றுகிறார்கள். சுடுகாட்டில்தான் இப்படிச் சுற்றுவார்கள் என்று ஒரு மேஸ்திரி சொன்னார். அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

பிறகு வெளிச்சுவர் வந்தது. ஒரு புயலில் கேலரியின் கூரை போனது. பார்க்க வந்தவர்கள் போகவில்லை. குடை பிடித்துக்கொண்டார்கள்.

விஜயரங்கம் ஓட்டத் தொடங்கியபோது அவரோடு நிறையப் பேர் ஓட்டினார்கள். ஒவ்வொருவராக ஒதுங்கிக்கொண்டார்கள். ஒருவருக்கு பேங்கில் வேலை கிடைத்தது. ஒருவர் கிழக்கு வளைவின் சாய்வில் ஏறிப் போனவர், இறங்கவில்லை. பங்காரு நாயுடு செத்துப்போனார். மில்லை மூடினார்கள். விஜயரங்கம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கமலவேணி அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவாள். நேர்பாதையை ஒட்டி உட்புறத்தில், வண்டிகள் ஒதுங்கி டயர் மாற்றும் இடத்தை பிட் என்பார்கள். அங்கே இடுப்பளவு சுவர் உண்டு. ஒரு மூங்கில் கழியின் நுனியில் டிபன் கேரியரை மாட்டி, சுவருக்கு வெளியே நீட்டுவாள். வண்டி வரும். ஒரு கை வெளியே வந்து கேரியரை எடுத்துக்கொள்ளும். ஆரம்பத்தில் சாம்பார் ரோட்டில் கொட்டும். பிறகு அவள் கைக்குக் கணக்குப் பிடிபட்டுவிட்டது.

ஒரு சுற்றுக்கு ஒரு வார்த்தை பேசலாம். அதற்கு மேல் பேசினால் காற்று கொண்டுபோய்விடும். "ரசத்துல" என்பார். போய்விடுவார். அவள் காத்திருப்பாள். "புளி" என்பார். அவள் காத்திருப்பாள். "ஜாஸ்தி" என்பார். அவர்களுடைய குடித்தனம் பெரும்பாலும் இப்படித்தான் நடந்தது. சண்டைகூட ஒருமுறை வந்தது. அது தீர இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

பெட்ரோல் எப்படிப் போடுகிறார்கள் என்று அவள் கேட்டதில்லை. கேட்டால் தீர்ந்துவிடுமோ என்று பயம்.

அன்று அவள் வெறுங்கையோடு வந்தாள். பாதைக்கு அடியில் இருக்கும் சுரங்கவழியாக நடந்து நடுத்திடலுக்கு வந்து, பிட் சுவரருகே நின்றாள். வண்டி வந்தது. கழி இல்லாததைப் பார்த்து உள்ளே இருந்த தலை சற்றுத் திரும்பியது.

"அத்தை" என்றாள். வண்டி போய்விட்டது.

காத்திருந்தாள். வந்தது. "போயிட்டாங்க" என்றாள்.

அடுத்த சுற்றில் "எங்கே?" என்று கேட்டார்.

ஒரே வார்த்தையில் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு சுற்றை விட்டுவிட்டாள். அதற்கடுத்த சுற்றில் "தவறிட்டாங்க" என்றாள்.

பிறகு வண்டி சில முறை வந்து போனது. வேகம் குறையவில்லை. சத்தம் மட்டும் கரகரத்தது.

"நிறுத்துங்க" என்றாள்.

வண்டி வட்டமடித்துத் திரும்பி வந்தது. "எப்படி?" என்றார்.

அவர் மறுத்துப் பேசவில்லை. தெரியாமல்தான் கேட்டார். அது புரிந்ததும் அவள் கோபுரத்தை நோக்கி நடந்தாள்.

திடலின் செயலாளர் எபனேசர் கண்காணிப்புக் கோபுரத்தில் இருந்தார். படிகள் ஏற ஏறக் கூடின. பாதி வழியில் ஒரு குடும்பம் குடியிருந்தது. அவர்கள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வழிவிட்டார்கள். மேலே எபனேசர் சாய்வாக நின்றுகொண்டிருந்தார். வெகுகாலம் வளைவின் சரிவில் நின்று கொடி காட்டியதில் அவருடைய இடது கால் குட்டையாகிவிட்டது. அவருக்காக அறையின் தரையையும் சாய்த்துப் போட்டிருந்தார்கள். கமலவேணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் எதைச் சொன்னாலும் மைக்கில்தான் சொல்வார். அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு மைக்கை எடுத்து, ஓட்டுநருடைய தாயார் காலமாகிவிட்டார் என்றார். கேலரியில் கைதட்டினார்கள். அவர்கள் எல்லா அறிவிப்புக்கும் கைதட்டுவார்கள்.

பந்தயத்தை முடித்துவிட முடியாதா என்று அவள் கேட்டாள். முதலில் வரவேண்டியவர் எப்போதோ வந்துவிட்டார், கடைசியாக வரவேண்டியவர் இன்னும் வரவில்லை என்று எபனேசர் வருத்தத்தோடு விளக்கினார். இரண்டு பேரும் விஜயரங்கம்தான்.

"அப்ப சிவப்புக் கொடியாவது காட்டுங்க. சிவப்புக்கு நிக்கோணுமில்லீங்களா?"

"பாதையில யாராச்சும் செத்தாத்தானுங்க சிவப்பு."

"வீட்டுல செத்துட்டாங்க."

"வீடு பாதையில இல்லீங்களே."

கேலரியில் கைதட்டினார்கள். கமலவேணி கம்பியை விட்டாள். தரைச் சரிவு அவளைக் கதவுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

வீட்டுக்குப் போய்க் கோதண்டத்திடம் சொன்னாள். அவர் இங்கே வரமாட்டார், அத்தையை அங்கே கொண்டுபோவோம் என்றாள். கோதண்டம் வேன் பிடிக்கப் போனார். நாவிதர் மாரப்பனும் வந்தார். சடங்கெல்லாம் அவர்தான் செய்துவைப்பார். தூக்க நான்கு பேர் வந்தார்கள். ஆண்டாளம்மாளைக் குளிப்பாட்டிப் பச்சைப் பட்டு உடுத்தி வேனில் ஏற்றினார்கள். மேற்கே, கிணற்றுக்காரர் வீட்டில் கேட்டு, ஒரு மண்குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டார்கள். விற்க மறுத்தவருடைய பேரன் கொடுத்தான். எதற்கு என்று கேட்கவில்லை.

வேன் சுரங்கத்துக்குள் போகாது. பாடையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். தலைக்கு மேலே வண்டி கடந்தது. கடந்தபோதெல்லாம் கூரையிலிருந்து மண் உதிர்ந்து அத்தையின் முகத்தில் விழுந்தது. கமலவேணி பக்கத்திலேயே நடந்து, முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தாள். நெற்றியில் துடைத்தாள். கண்ணிமையில் துடைத்தாள். தன் மகன் தலைக்கு மேலே போவது அத்தைக்கு இவ்வளவு பக்கத்தில் ஒருநாளும் கேட்டதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

எபனேசர் மைக்கும் கொடிகளுமாகக் கோபுரத்திலிருந்து இறங்கி வந்தார். சமதளத்தில் அவர் விந்தி விந்தி நடந்தார். பாடையைச் சுற்றிப் பார்த்தார். மரியாதைக்குத் தொப்பியை எடுத்தார். இந்த அம்மா வரும்போதே இறந்துதான் வந்திருக்கிறார், அதனால் சிவப்புக்கு வழியில்லை என்றார். கோதண்டத்துக்குக் கோபம் வந்தது. பாதையில் கொண்டுபோய் வைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

"வச்சா இடைஞ்சலுங்க. இடைஞ்சல்னா மஞ்சள்."

மஞ்சள் கொடி காட்டினால் வண்டி மெதுவாகப் போகவேண்டும். யாரும் யாரையும் முந்தக் கூடாது. நிற்க மட்டும் முடியாது. கமலவேணி அதுவே போதும் என்றாள். எபனேசர் மஞ்சள் கொடியை எடுத்து விரித்துப் பிடித்தார். வெயிலில் வெளுத்து அது கிட்டத்தட்ட வெள்ளையாக இருந்தது. விஜயரங்கத்துக்குப் புரிந்துவிட்டது. வண்டியின் சத்தம் தாழ்ந்தது. பந்தயம் தொடங்கிய பிறகு கமலவேணி அவரை முதன்முறையாக முழுசாகப் பார்த்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். தலை நரைத்திருந்தது. கழுத்து இடப்பக்கமாகச் சாய்ந்தே நின்றுவிட்டிருந்தது.

பெண்கள் சுடுகாட்டுக்கு வரக்கூடாது, அம்மிணி கிளம்பட்டும் என்று மாரப்பன் தயங்கித் தயங்கிச் சொன்னார். இது சுடுகாடு இல்லை, கார் ஓட்டுகிற இடம் என்றாள் கமலவேணி. எபனேசரும் அதை மைக்கில் உறுதிசெய்தார். கேலரியில் கைதட்டினார்கள்.

அடுக்குவதற்குப் பழைய டயர்கள் இருக்கின்றன, நன்றாக எரியும் என்று எபனேசர் சொன்னார். கோதண்டம் கேலரிக்குப் போய் உடைந்த பலகைகளைக் கேட்டு வாங்கிவந்தார். சிலர் தாங்கள் உட்கார்ந்திருந்த பலகையையே எழுந்து கொடுத்தார்கள். பிட் சுவரை ஒட்டி, நடுத்திடலின் ஓரத்தில் அடுக்கி, ஆண்டாளம்மாளை மேலே கிடத்தினார்கள்.

மகனுக்கு மொட்டை அடிக்கவேண்டும். சுற்றுக்கு ஓர் இழுப்பு இழுத்தால் பொழுது போய்விடும் என்று மாரப்பன் கணக்குப் போட்டு, அதை விட்டுக்கொடுத்தார். குடம் உடைப்பதை மட்டும் விட முடியாது என்றார். மகன் தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்து மூன்று முறை சுற்றிவர வேண்டும். சுற்றுக்கு ஒரு ஓட்டை போடவேண்டும். பிறகு திரும்பிப் பார்க்காமல் குடத்தைப் பின்னால் போடவேண்டும்.

குடத்தை யார் கொடுப்பது என்று பேச்சு வந்தது. ஓடுகிற வண்டியில் கொடுக்கத் தெரிந்தவள் கமலவேணி ஒருத்திதான். மாரப்பன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அவள் பாடையின் மூங்கில் கழி ஒன்றை உருவி, குடத்தின் கழுத்தில் கயிறு கட்டி மாட்டி, சுவருக்கு வெளியே நீட்டினாள். கை வெளியே வந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

விஜயரங்கம் குடத்தை இடது தோளில் வைத்துக்கொண்டு ஓட்டினார். வண்டி நேர்பாதையைத் தாண்டி, கிழக்குச் சரிவில் ஏறி, எதிர்ப்புற நேர்பாதையில் ஒரு புள்ளியாகப் போய், மேற்கே ஒடுங்கிய வளைவில் திரும்பி வந்தது. மாரப்பன் சுவரில் சாய்ந்து கத்திமுனையால் குடத்தில் தட்டினார். தண்ணீர் பீறிட்டது. வண்டி போனது. பாதை நெடுக ஓர் ஈரக்கோடு போனது. கோடு காய்வதற்குள் வண்டி திரும்பி வந்தது. இரண்டாவது ஓட்டை. மூன்றாவது ஓட்டை. கேலரியில் அப்போது யாரும் கைதட்டவில்லை. குடைகளை மடக்கிவிட்டு எழுந்து நின்றார்கள்.

குடம் வண்டிக்குப் பின்னால் விழுந்து உடைந்தது. கமலவேணி கழியின் நுனியில் கொள்ளியைக் கட்டி நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். முகத்தைத் திருப்பாமல், கையை மட்டும் உள்பக்கமாக வீசினார். கொள்ளி சுவரைத் தாண்டி அத்தையின் நெஞ்சருகே விழுந்தது. பலகைகள் காய்ந்த பலகைகள். உடனே பிடித்துக்கொண்டன.

வண்டி போய்விட்டது. அந்தச் சுற்றில் அவர் சொன்னது "அம்மா" என்று. அது அவளிடம் சொன்னதில்லை.

எரிந்து அடங்கும்வரை நின்றார்கள். எபனேசர் கொடியை இறக்கவில்லை. கை வலித்திருக்கும். இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். மாரப்பன் வேலை முடிந்ததாகச் சொல்லி, எல்லோரையும் கிளம்பச் சொன்னார்.

"ஆச்சு அம்மிணி," என்றார் கோதண்டம். "திரும்பிப் பாக்காம வரோணும். வீடு போய்ச் சேர்ற வரைக்கும்."

அவள் தலையாட்டினாள். நடுத்திடலைக் கடந்து சுரங்கத்தை நோக்கி நடந்தார்கள். கோதண்டம் முன்னால். அவருக்குப் பின்னால் மாரப்பனும் தூக்கி வந்தவர்களும். கடைசியில் கமலவேணி.

சுரங்கத்தின் வாயில் கால் வைத்தபோது, அவள் முதுகுக்குப் பின்னால் வண்டிச் சத்தம் இறங்கியது. மஞ்சளுக்கு இறங்கியதைவிடத் தாழ இறங்கியது. இருமியது. நின்றது.

அவளுக்குத் தெரிந்து அந்தச் சத்தம் இல்லாத ஒரு நேரம் இருந்ததில்லை. காதில் ஏதோ அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது. ஒரு கதவு திறந்தது. தார் ரோட்டில் காலடி விழுந்தது. பிறகு புல்லில் விழுந்தது.

"கமலா. நானும் வர்றேன்."

அவள் நின்றாள். திரும்பவில்லை.

"திரும்பாத அம்மிணி," என்றார் கோதண்டம், அவரும் திரும்பாமல்.

"அவரு வர்றாருங்க மாமா."

"வரட்டும். நீ நட."

நடந்தாள். சுரங்கம் வரும்போது இருந்ததைவிட நீளமாகியிருந்தது. கோதண்டமும் மற்றவர்களும் முன்னால் போய்ச் சின்னதாகிவிட்டார்கள். கூரையிலிருந்து மண் விழவில்லை. பின்னால் காலடி வந்துகொண்டிருந்தது. நேராக வரவில்லை. இடப்பக்கச் சுவரில் தோள் உரசும், விலகும், மறுபடி உரசும்.

"என்னங்க," என்றாள். "திரும்பக் கூடாதுங்கறாங்க. நீங்க பேசிக்கிட்டே வாங்க. நான் கேட்டுக்கிட்டே போறேன்."

"என்ன பேசறது?"

"எதையாவது பேசுங்க."

அவர் யோசித்தார். யோசிக்கும்போது காலடி நின்றுவிட்டது. அவளும் நடையைக் குறைத்தாள். பிறகு அவர் பேச ஆரம்பித்தார். மேற்கு வளைவில் தார் வெடித்த இடத்தில் ஒரு வேப்பங்கன்று முளைத்திருக்கிறது, அதன்மேல் ஏறாமல் இத்தனை காலமும் ஓட்டினேன் என்றார். ம் என்றாள். வெளிச்சுவரில் ஒரு மைனா கூடு கட்டியிருக்கிறது என்றார். ம் என்றாள்.

"கேலரியில மேல் வரிசையில ஒரு அம்மா கருப்புக் குடை புடிச்சு உக்காந்திருப்பாங்க. நம்ம அம்மாதான்னு நெனச்சு, ஒவ்வொரு சுத்துக்கும் கையக் காட்டினேன். அவங்களும் காட்டுவாங்க."

அத்தை ஒருநாளும் திடலுக்கு வந்ததில்லை. கமலவேணி அதைச் சொல்லவில்லை. ம் என்றாள்.

குரல் சற்றுத் தள்ளிக் கேட்டது. அவள் இன்னும் மெதுவாக நடந்தாள். ஓர் அடி வைத்து, நின்று, இன்னோர் அடி வைத்தாள். குரல் மேலும் தள்ளிப்போனது. மழையில் ஏரி வந்து உட்காரும்போது அதில் நிலா தெரியும் என்று சொன்னார். வேறு யாரோ ஒருவருடைய பேரையும் சொன்னார். அது சரியாகக் கேட்கவில்லை. கேட்டமாதிரி ம் என்றாள். நிற்கலாமா என்று நினைத்தாள். நின்றால் திரும்பிவிடுவாள் என்று தெரிந்தது.

முன்னால் வெளிச்சம் தெரிந்தது. வேனின் பின்கதவு திறந்திருந்தது. கோதண்டம் அதன் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பின்னால் இப்போது வார்த்தைகள் இல்லை. யாரோ வெகுதூரத்தில் பேசுகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. அவள் காதைக் கொடுத்துக்கொண்டு, ம் கொட்டிக்கொண்டே நடந்தாள்.